காசு கட்டுமுன் ஊரில் முடிக்கவேண்டிய வேலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஒரு பக்கத்தில் வெளிநாட்டு வேலை விளம்பரங்கள் வருகின்றன. இன்னொரு பக்கத்தில் முகவரிடம் காசு கட்டி ஏமாந்தவர்களின் செய்தி வருகிறது. விளம்பரத்தைப் பார்த்த நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையில் ஒரு குடும்பம் என்னென்ன செய்யவேண்டும் என்பது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பிரதேச செயலக வாசல்களில் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் எங்களிடம் மக்கள் கேட்பதெல்லாம் அந்த இடைக்காலத்தைப் பற்றித்தான். பணமும் காணியும் கைவிட்டுப் போவது, விசா மறுக்கப்படுவது, பின்னால் பிள்ளைகள் மனமொடிந்து போவது எல்லாவற்றுக்கும் விதை விழுவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். ஆகவே இந்த நீண்ட கடிதம். இடமிருந்தால் முழுதாகப் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

போகவேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. பெரும்போகம் வெள்ளத்தில் போய், அடுத்த விதைப்புக்கு உரம் வாங்கக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் வீட்டுக்குக் கட்டாரிலிருந்து மாதாமாதம் வரும் பணம் எவ்வளவு பெரிய தாங்கல் என்பது எங்களுக்குத் தெரியும். போகிறவர் ஒழுங்காகப் போகவேண்டும். போன இடத்தில் அவருக்கு ஒன்று நேர்ந்தால் இங்குள்ளவர் கையில் காட்டுவதற்குக் காகிதம் இருக்கவேண்டும்.

முதலில் பெயர். முகவர் யார், எந்த நாடு என்பதற்கெல்லாம் முன்னால் இதுதான். எங்கள் பகுதியில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் தமிழில் மட்டும் இருக்கிறது. தகப்பன் பெயர் வேறொரு கட்டத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் கைப்பட வந்து சேர்ந்தவை: பாடசாலையில் பரீட்சை விண்ணப்பம் நிரப்பிய ஆசிரியர் ஒரு விதமாக எழுதியிருப்பார், கடவுச்சீட்டுப் படிவம் நிரப்பியவர் வேறு விதமாக எழுதியிருப்பார். ‘முகம்மது’ என்ற ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கோர்வைகள் இங்கே புழங்குகின்றன. ‘லிங்கம்’ என்பதில் ஓர் ‘எச்’ கூடும், குறையும். உள்ளூரில் இதை யாரும் கவனிப்பதில்லை. வெளிநாட்டு விசா அதிகாரியின் மேசையில் அவை இரண்டு வெவ்வேறு ஆட்களின் பெயர்கள்.

ஆகவே கடவுச்சீட்டுக்கான ‘கே 35 ஏ’ படிவத்தைத் தொடுமுன் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்புங்கள். பிறப்பு அத்தாட்சி, தேசிய அடையாள அட்டை, சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிகள், பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதுவும். ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரே தாளில் கீழ்க்கீழாக எழுதுங்கள். வேறுபாடு இருந்தால் பரீட்சைச் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கோர்வையையே கடவுச்சீட்டுக்கும் எடுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. பிறகு மாற்றுவதற்கு மிகவும் சிரமமானது அதுதான். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பனின் பெயரைப் போட்டால் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே போடவேண்டும். மணமான பெண் கணவன் பெயரைச் சேர்ப்பதா, தகப்பன் பெயரிலேயே இருப்பதா என்பதையும் அப்போதே முடிவுசெய்து, பிறகு எந்தக் காகிதத்திலும் மாற்றாமல் இருக்கவேண்டும். ‘இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று சமாதான நீதவான் முன் முடிக்கும் சத்தியக் கடதாசி உள்ளூர் அலுவலகத்துக்குப் பெரும்பாலும் போதும். வெளிநாட்டுத் தூதரகங்கள் எல்லாம் அதை ஏற்கும் என்று நம்பி இருக்கவேண்டாம்.

1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் பல இடப்பெயர்வுகளிலும் காகிதங்களை இழந்த வீடுகள் இங்கே ஏராளம். பதிவேட்டில் பதிவு இருந்தால் பிரதி எடுப்பது எளிது. பிறப்பே பதியப்படாமல் விட்டிருந்தால் காலங்கடந்த பதிவு செய்யவேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் அனுமான வயதுச் சான்றிதழ் பெறவேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, ஞானஸ்நானப் பதிவு அல்லது குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை என்று கிடைக்கும் எதையும் சேர்த்துக்கொண்டு போகவேண்டும். இது மாதக்கணக்கில் இழுபடும். முகவரிடம் காசு கட்டிவிட்டு இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள்தான் ‘விசா காலாவதியாகிவிடும்’ என்ற பயமுறுத்தலுக்குப் பணிந்து, அவர் நீட்டும் பொய்க் காகிதத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

வயதை மாற்றிக் கடவுச்சீட்டு எடுப்பது பற்றி ஒரு பெயரைச் சொன்னால் போதும். மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 1988 இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் 1982 என்று போடப்பட்டு, 2005 இல் பதினேழு வயதில் சவூதிக்கு அனுப்பப்பட்டார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டபோது அந்தக் கடவுச்சீட்டு அவரை வயதுவந்தவராகவே காட்டியது. 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறந்த திகதியில் ஆறு ஆண்டுகளை மாற்றி எழுதியது உள்ளூர் முகவர்களின் வேலை. அதன் விலையைக் கொடுத்தது அந்தப் பிள்ளை.

விவாகப் பதிவு பற்றியும் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் கோயிலில் தாலி கட்டியோ, பள்ளியில் நிக்காஹ் செய்தோ, பதியாமல் விட்டவர்கள் பலர். கணவன் சுவிசிலோ கனடாவிலோ இருந்து மனைவியை அழைக்கும்போதுதான் இது வெளியே வருகிறது. அவசரமாகப் பதிந்தால் பதிவுத் திகதி பிள்ளையின் பிறந்த திகதிக்குப் பிந்தியதாக இருக்கும். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சியில் ‘பெற்றோர் விவாகமானவர்களா’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் பார்க்கப்படும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. மதச் சடங்கு நடந்த திகதி இது, சட்டப் பதிவு நடந்த திகதி இது என்று இரண்டையும் உள்ளபடி எழுதி, அக்காலப் புகைப்படங்களையும் சாட்சிகளின் கடிதத்தையும் இணைத்தால் அது விளங்கப்படுத்தக்கூடிய விடயம். திகதியைத் திருத்தி எழுதினால் பொய்யாகிவிடும். பிரித்தானியாவில் ஏமாற்று என்று கண்டால் 10 ஆண்டுகள் வரை மறுப்பு, கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 ஆண்டுத் தடை.

இரண்டாவது மருத்துவம். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் அந்நாடுகளின் ‘வஃபித்’ என்ற பொது முறையில் மருத்துவப் பரிசோதனை செய்யவேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு, ஈரல் அழற்சி பி அல்லது சி, எச்.ஐ.வி., கர்ப்பம் ஆகியவை தெரிந்தால் ‘தகுதியில்லை’ என்று வரும். மாற்றிவிடலாம் என்று முகவர் சொன்னால் நம்பவேண்டாம். முடிவு கணினியில் ஏறிவிடும், அடுத்த வளைகுடா நாட்டுக்கும் தெரியும். எங்கள் ஆலோசனை இதுதான்: எவருக்கும் ஒரு சதம் கொடுக்குமுன் ஓர் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் இங்கேயே செய்து பாருங்கள். சிறுவயதில் காசநோய்க்கு மருந்து எடுத்தவர் கட்டாயம் செய்யவேண்டும். நோய் குணமாகி இருபது வருடம் ஆனாலும் தழும்பு எக்ஸ்ரேயில் நிற்கும். தென்கொரிய வேலைக்கு நிறக்குருடு இருந்தால் ஆகாது. வயதும் 18க்கும் 39க்கும் இடையில் இருக்கவேண்டும். மொழி வகுப்புக்குப் பணம் கட்டிய பிறகு நிறக்குருடு இருப்பதைத் தெரிந்துகொள்ளும் பையன்களைப் பார்க்க மனம் வேகும். ஐந்து நிமிடக் கண் பரிசோதனை அது. பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்குக் காசநோய்ச் சான்றிதழ் வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லுபடியாகும், எனவே மிக முன்கூட்டியும் எடுக்கக்கூடாது.

மூன்றாவது முகவர். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இல்லாமல் எவரும் வேலைக்கு ஆள் அனுப்ப முடியாது. உரிமம் இருப்பது மட்டும் போதாது. எந்த நாட்டில், எந்த வேலைக்கு, எத்தனை பேர் என்று பணியகத்தின் அனுமதியும் அந்த முகவர் நிலையத்துக்கு இருக்கவேண்டும். இரண்டையும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பணியகத்தின் இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். இதைக் கேட்க வெட்கப்படவேண்டாம். அது அவருடைய கடமை.

எங்கள் ஊர்களில் ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் உரிமம் பெற்றவர் அல்லர். அவருக்குக் கீழே உள்ள தரகர். அவர் ஊர்க்காரர், சொந்தக்காரர், சிலவேளை பள்ளிவாசலிலோ கோயிலிலோ மரியாதை உள்ளவர். அதனால்தான் பற்றுச்சீட்டுக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. பணம் கொடுப்பதானால் உரிமம் பெற்ற நிலையத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் கொடுத்த காசுக்குப் பணியகத்தில் முறைப்பாடு செய்யப்போனால் முதற்கேள்வியே பற்றுச்சீட்டு எங்கே என்பதுதான். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் பெண்ணிடம் தரகர் காசு வாங்கமாட்டார். அவளுக்கே ஒரு தொகையைக் கொடுப்பார். அந்தக் காசைப் பார்த்து வீடு முழுவதும் மகிழும். அவள் இடையில் திரும்ப நேர்ந்தால் ‘கொடுத்ததை வட்டியோடு வை’ என்று அவர் வாசலில் நிற்பார். அந்தப் பயத்தால் அடி வாங்கிக்கொண்டும் அங்கேயே இருக்கிறாள் அவள். ஆகவே அந்தத் தொகை எதற்கு, எந்த நிபந்தனையில் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் காசைத் தொடவேண்டாம்.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்பார்கள். டுபாய்க்கும் ஓமானுக்கும் இப்படிப் போன பெண்கள் வீட்டுக்கு வீடு கைமாற்றப்பட்டது 2022 இல் நாடறிய வெளிவந்தது. ‘ஃபிரீ விசா’ என்று ஒன்றும் சொல்வார்கள். அப்படி ஒரு விசா எந்தச் சட்டத்திலும் இல்லை. பெயருக்கு ஒரு கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பு நிற்கும் எசமான்) இருப்பார், வேலையை நீங்களே தேடவேண்டும், பிடிபட்டால் குற்றம் உங்கள் மேல். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்டு, எல்லை கடத்தப்பட்டு மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கை இளைஞர்களும் சுற்றுலா விசாவில்தான் புறப்பட்டார்கள். பணியகத்தில் பதியாமல் போனவருக்குக் காப்புறுதி இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்ற பதிவும் இல்லை. விமான நிலையத்தில் ‘உல்லாசப் பயணம்’ என்று சொல்லச் சொல்லிக்கொடுக்கும் தரகர், அந்த ஒரு பொய்யின் மூலம் உங்களுக்குள்ள எல்லாப் பாதுகாப்பையும் கழற்றிவிடுகிறார்.

கொரியாவுக்குத் தனியார் முகவரே கிடையாது. மொழிப் பரீட்சையும் பதிவும் பணியகத்தின் ஊடாக மட்டுமே. பெயரை முன்னுக்குப் போட்டுத் தருகிறேன் என்பவர் பொய்யர். கட்டாருக்குப் போகிறவர்கள் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்தில் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையொப்பம் மூன்றையும் முடிக்கிறார்கள். அங்கே வைக்கப்படும் ஒப்பந்தத்தில் உள்ள சம்பளம்தான் சம்பளம். தரகர் வாயால் சொன்னது கணக்கில்லை. கட்டாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 றியால். தங்குமிடம் கொடுக்காவிட்டால் மேலும் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு கையொப்பமிடுங்கள்.

பிரித்தானியப் பராமரிப்பு வேலை என்று இன்னும் காசு வாங்குகிறார்கள். 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் போகிறவர் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாட்கள் தொடர்ந்து கணக்கில் இருக்கவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அந்த விண்ணப்பம் விழும். அந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்து, 28 நாள் முடிந்ததும் எடுத்துக்கொள்ளும் வியாபாரம் இங்கேயே நடக்கிறது. அப்படி விசா பெற்ற பிள்ளை அங்கே இறங்கியதும் கையில் ஒன்றுமில்லை. படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்பதையும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கனடாவுக்கு வேலைக் கடிதம் விற்கிறேன் என்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் ஆலோசகர் கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிந்தவரா? அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

படகு பற்றிச் சுருக்கமாக. 2013 ஜூலை முதல் படகில் வருகிறவர் எவரையும் குடியேற விடுவதில்லை என்பது அவுஸ்திரேலியாவின் நடைமுறை. ஆட்சி மாறியும் அது மாறவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறவர் இங்கே குடிவரவுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். 2022 நவம்பரில் கனடா என்று சொல்லி ஏற்றப்பட்ட 303 இலங்கையர் நடுக்கடலில் தத்தளித்து வியட்நாமில் கரையிறக்கப்பட்டார்கள். வாழைச்சேனையிலும் திருக்கோவிலிலும் கடலை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படகுகளின் பாரத்தையும் அந்தத் தூரத்தையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இனிக் கடன். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். ஆறு இலட்சம் ரூபா மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு எடுத்தால் வட்டி மட்டும் மாதம் 30,000. இரண்டு வருட ஒப்பந்தம் முடியும்போது கட்டிய வட்டி 7,20,000, முதல் அப்படியே நிற்கும். ஆயிரம் றியால் சம்பளம், றியால் 80 ரூபா என்று வைத்தால், மாதம் 80,000. அதில் வட்டி போக 50,000. அதற்குள் வீட்டுச் செலவு, பிள்ளைகள், அவருடைய அங்குள்ள செலவு. முதற் சம்பளம் கைக்கு வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், வட்டி அதற்காகக் காத்திருக்காது. இந்தக் கணக்கு ஒத்துவராத பயணத்தை ஒத்திவைக்கத்தான் வேண்டும்.

நகை அடகு வைப்பது வங்கியில் என்றால் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். வீடுவளவில்தான் பெரிய ஆபத்து. எங்கள் பக்கம் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனமாக அவள் பெயரில் இருக்கும். கடன் கொடுப்பவர் ஈட்டு உறுதி (அடமானம்) எழுதாமல் அறுதி உறுதி (முழு விற்பனை) எழுதச் சொல்வார். ‘காசைக் கட்டினதும் திருப்பி எழுதித் தருவேன்’ என்பது வாய்ப்பேச்சு. சட்டத்தின் பார்வையில் அந்த வீடு அன்றே விற்கப்பட்டாயிற்று. உறுதியில் கையொப்பமிடுமுன் நொத்தாரிசிடம் ‘இது ஈடா, அறுதியா’ என்று உரத்துக் கேளுங்கள். முடிந்தால் கடன்காரரோடு தொடர்பில்லாத வேறொரு நொத்தாரிசிடம் காட்டுங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. அப்படி எழுதிக்கொடுத்தால் அனுமதிப்பத்திரமே ரத்தாகும் நிலை வரலாம். பொதுவான அற்றோணித் தத்துவம் எழுதி எல்லா அதிகாரத்தையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதும் வேண்டாம். எந்தக் காணி, எந்தக் கணக்கு, என்ன வேலை என்று குறிப்பாக எழுதுங்கள்.

புறப்படுமுன் இரண்டு வங்கிக் கணக்குத் திறக்கவேண்டும். ஒன்று வீட்டுச் செலவுக்கு, இங்கே இருப்பவர் எடுக்கக்கூடியது. மற்றது போகிறவரின் தனிப் பெயரில், அட்டையும் இரகசிய இலக்கமும் அவரிடம் மட்டும். சம்பளத்தில் எவ்வளவு எதற்குப் போகும் என்பதைப் போகுமுன் தாளில் எழுதி இருவரும் வைத்திருங்கள். முழுச் சம்பளத்தையும் ஒரே கணக்குக்கு அனுப்பிய பெண்கள் திரும்பி வந்து புத்தகத்தில் ஒன்றுமில்லாமல் நிற்பதை இந்த மாவட்டங்களில் எந்த வங்கி ஊழியரைக் கேட்டாலும் சொல்வார். பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாவுக்கு ஒரு தொகை தனியாக, அவர் கையில் போகவேண்டும். அறுபது வயதுக்கு மேல் மூன்று பிள்ளைகளுக்குச் சமைத்துத் துவைத்து, தன்னுடைய நீரிழிவுக் கிளினிக்குக்குப் பேருந்துக் காசுக்கு மருமகனிடம் கைநீட்டும் நிலை ஒருவருக்கும் வரக்கூடாது.

பிள்ளைகள் விடயத்தில் சட்டம் சொல்வது குறைவு. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காட்டவேண்டும் என்று 2013 இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை 2022 இல் தளர்த்தப்பட்டது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்குப் போகமுடியாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. மற்றதெல்லாம் வீட்டார் கையில். பிள்ளை தூங்கும்போது வான் ஏறிப் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. அழுகையைப் பார்க்கவேண்டியதில்லை என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். காலையில் எழும் பிள்ளை கடைக்குப் போன அம்மாவை வாசலில் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு அம்மம்மா கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் ஓடும், இரவில் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கும். நாலு வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம்: அம்மா வேலைக்குப் போகிறேன், இந்த நாட்டுக்கு, இத்தனை பெருநாள் அல்லது இத்தனை தைப்பொங்கல் கழித்து வருவேன், நீ இந்த வீட்டில் இவரோடு இருப்பாய். புறப்படும் நாளில் சொல்லாமல் இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து, திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். அந்த வாரங்களிலேயே பிள்ளை அம்மம்மாவோடு படுத்து, அவர் கையால் சாப்பிட்டுப் பழகவேண்டும். சகோதரங்களை இரண்டு வீட்டுக்குப் பிரிக்கவேண்டாம். வகுப்பாசிரியருக்குச் சொல்லி, பாதுகாவலர் யார் என்று கடிதம் கொடுங்கள். வைத்தியசாலையில் கையொப்பமிடவும் அந்தக் கடிதத்தின் பிரதி உதவும். பெரியபிள்ளையாகும் வயதிலுள்ள மகள் இருந்தால், யாரிடம் போய்ப் பேசலாம் என்று ஒரு பெண்ணின் பெயரை அவளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வெளியே உள்ள ஓர் ஆசிரியையோ அத்தையோ நல்லது. சிறுவர் உதவி இலக்கம் 1929 என்பதையும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

தொலைபேசி நேரத்தைக் கணக்குப் பார்த்து வையுங்கள். சவூதி, கட்டார், குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வேலை ஓய்வது அங்கே இரவு பத்தரை, பதினொன்று. இங்கே அது நள்ளிரவு தாண்டி ஒரு மணி, பிள்ளை தூக்கம். பிள்ளை விழித்திருக்கும் மாலை ஏழு மணி அங்கே நாலரை, அவள் அடுப்படியில் நிற்கும் நேரம். வெள்ளிக்கிழமை அங்கே ஓய்வு என்றாலும் இங்கே பாடசாலை. ஆகவே சனி, ஞாயிறு காலை எட்டு மணி (அங்கே ஐந்தரை) என்று ஒரு நேரத்தை ஒதுக்கலாம். மற்ற நாட்களில் இரவில் அவள் குரலைப் பதிந்து அனுப்ப, பிள்ளை காலையில் பாடசாலைக்கு வெளிக்கிடும்போது கேட்கும். நேரடி அழைப்புக்காகக் காத்துக் காத்து ஏமாறுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. கனடாவின் ரொறன்ரோவுக்கு இங்கே காலை ஆறரை என்றால் கோடையில் அங்கே முதல்நாள் இரவு ஒன்பது. குளிர்காலத்தில் எட்டு.

இங்கிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அழைப்பு வந்ததும் ‘காசு போட்டாச்சா’ என்று தொடங்காதீர்கள். போன முதல் மாதங்களில் அவர்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள். சாப்பிட்டேன், நல்ல இடம், குளிர் பரவாயில்லை என்பார்கள். லண்டனில் டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும். நாலு பேர் ஓர் அறையில், ஆளுக்கொரு வேலை நேரம், பேச ஆளில்லை. பேச்சு சுருங்கிக்கொண்டே போனால், தூக்கமில்லை என்று ஒருவர் அடிக்கடி சொன்னால், திரும்பி வந்தாலும் பரவாயில்லை என்று வீட்டார் வாயால் சொல்லவேண்டும். அந்த வார்த்தையைக் கேட்காமலேயே பலர் அங்கே உடைந்துபோகிறார்கள். இங்கே தனித்துப்போன பெற்றோருக்கும் துணைவருக்கும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

மரணத்தைப் பற்றியும் போகுமுன் பேசவேண்டும். இதைப் பேசுவது அபசகுனம் என்று ஒதுக்குகிறார்கள். முஸ்லிம் வீடுகளில் நல்லடக்கம் அன்றே முடிந்துவிடும். இந்து, கிறிஸ்தவ வீடுகளில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தாலும் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு விடுமுறையும் பயணச்சீட்டும் அந்த நேரத்துக்குள் கிடைப்பது அரிது. அகதி விண்ணப்பம் போட்டிருப்பவருக்கு வரவே முடியாது. தாயோ தகப்பனோ இறந்தால் யார் கொள்ளி வைப்பது, யார் முன்னின்று செய்வது, செலவு யாருடையது என்பதைப் பெற்றவர்கள் இருக்கும்போதே அவர்களோடு பேசி முடியுங்கள். பெரும்பாலும் பெற்றவர்களே பதில் வைத்திருக்கிறார்கள். பிள்ளை கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கோப்பு. கடவுச்சீட்டுப் பிரதி, விசாப் பிரதி, பணியகப் பதிவு இலக்கம், ஒப்பந்தம், முகவர் நிலையத்தின் பெயரும் உரிம இலக்கமும், தரகரின் பெயரும் வீடும், அங்குள்ள எசமானின் பெயர், தொலைபேசி, ஊர். இதில் மூன்று பிரதி: வீட்டில் ஒன்று, வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று, போகிறவர் பையில் ஒன்று. கைத்தொலைபேசி பறிக்கப்படலாம். அதனால் இரண்டு இலக்கங்களை மனப்பாடமாகவும் வைத்திருக்கவேண்டும். சம்பளம் வரவில்லை, அடிக்கிறார்கள், தொடர்பில்லை என்று பணியகத்திலோ வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலோ முறையிடப் போகும் தாய்மாரிடம் கேட்கப்படுவது இந்த விபரங்கள்தான். ‘சவூதியில ஒரு வீட்டில’ என்பதை வைத்து எவராலும் தேடமுடியாது. கொடுமை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறுவதானால், வெளியேறுமுன் தூதரகத்துக்கோ வீட்டாருக்கோ ஒரு செய்தி போகவேண்டும். சவூதியில் எசமான் முந்திக்கொண்டு ‘ஓடிவிட்டாள்’ என்று பதிந்துவிட்டால் அவள் சட்டத்துக்கு வெளியே போய்விடுவாள். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் வெளியேறவேண்டும். அங்கே ஒருவர் இறந்துவிட்டால் உடலைக் கொண்டுவரவும், காப்புறுதி கேட்கவும், வரவேண்டிய சம்பளத்தைப் பெறவும் இதே கோப்புத்தான் வேண்டும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. முகவர் நிலையத்தின் உரிம இலக்கமும் அந்த வேலைக்கான பணியக அனுமதி இலக்கமும் இல்லாத விளம்பரத்தை, வெறும் கைத்தொலைபேசி இலக்கத்தோடு வரும் விளம்பரத்தை, தங்கள் பத்திரிகை ஏற்கக்கூடாது. விளம்பரப் பிரிவில் ஒருவர் 1989க்கு ஓர் அழைப்பு எடுத்தால் சரிபார்த்துவிடலாம்.

இரு மாவட்டச் செயலாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாகரை, வெல்லாவெளி, பொத்துவில் போன்ற தூரப் பிரதேசங்களில் மாதம் ஒரு நாளாவது பதிவாளர் பிரிவு, ஆட்பதிவு, பணியக உத்தியோகத்தர், சட்ட உதவி ஆகியோர் ஒரே மண்டபத்தில் இருக்கும் நடமாடும் சேவையை நடத்தவேண்டும். பெயர்த் திருத்தத்துக்கு ஒரு நாள், வயதுச் சான்றுக்கு ஒரு நாள், கையொப்பத்துக்கு இன்னொரு நாள் என்று கூலி வேலையை விட்டு அலையும் பெண், மூன்றாம் நாள் தரகரிடம் ‘நீங்களே முடித்துத் தாருங்கள்’ என்று எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறாள். அந்த மூன்று நாளையும் ஒரு நாளாக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பப் படிவம் எழுதுவோர் சிலர்,
மட்டக்களப்பு – அம்பாறை.